840 குதிரைத்திறனும் முதல் 60 அடியும்

நின்ற இடத்திலிருந்து ஒரு காரைச் சீறிக் கிளப்புவது பற்றிப் பேச்சு எழுந்தால், முதல் கேள்வி ‘எத்தனை ஹெச்பி?’ என்பதாகத்தான் இருக்கும். பின் ஆக்ஸிலில் எவ்வளவு எடை உட்கார்ந்திருக்கிறது என்று கேட்பவர் அபூர்வம். ஆனால் முதல் ஒன்றரை வினாடியைத் தீர்மானிப்பது இந்த இரண்டாவது கேள்விதான். அதை எண்களோடு காட்ட 2018 டாட்ஜ் சேலஞ்சர் எஸ்ஆர்டி டீமனைப் போல இன்னொரு கார் கிடைப்பது கஷ்டம்.

இப்படிச் சீறிக் கிளம்புவதை லாஞ்ச் என்பார்கள். லாஞ்ச்சுக்கு ஏற்ற அமைப்பே இல்லை அந்தக் காருக்கு. முன்னால் கனமான வி8 எஞ்சின், பவர் போவதோ பின் சக்கரங்களுக்கு மட்டும். எடை 1,930 கிலோ. ஆனாலும் 2017 ஏப்ரலில் அதை நியூயார்க்கில் அறிமுகப்படுத்தியபோது டாட்ஜ் சொன்ன எண்கள் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தன. 0–60 மைல் வேகத்துக்கு 2.3 வினாடி. கால் மைல் தூரத்துக்கு 9.65 வினாடி, கோட்டைக் கடக்கும்போது மணிக்கு 140 மைல். கிளம்பும் கணத்தில் உச்சமாக 1.8 ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 1.8 மடங்கு. முன் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பி 2.92 அடி தூரம் ஓடியது கின்னஸ் சாதனையாகப் பதிவானது. அமெரிக்காவுக்கு 3,000, கனடாவுக்கு 300 என்று மொத்தம் 3,300 கார்கள்தான் செய்தார்கள்.

6.2 லிட்டர் எஞ்சின், மேலே காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் 2.7 லிட்டர் சூப்பர்சார்ஜர். பந்தய ரக பெட்ரோல் ஊற்றினால் 840 ஹெச்பி, 770 பவுண்டு-அடி டார்க் (சுழற்று விசை). நம் கணக்கில் சுமார் 1,044 நியூட்டன் மீட்டர். இந்த ஆய்வில் எஞ்சினைப் பற்றி இதற்கு மேல் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இவ்வளவு பவரைத் தரையில் இறக்க என்னென்ன செய்தார்கள் என்பதுதான் விஷயம்.

இதே காருக்குச் சாதாரண டயர் போட்டிருந்தால்?

முதலில் ஒரு கணக்கு. இதைப் போட்டுப் பார்க்காமல் மற்றது எதுவும் புரியாது.

கார் முன்னோக்கிப் பாயும்போது எடை பின்னுக்குச் சாய்கிறது. எவ்வளவு சாய்கிறது என்பதை மூன்றே விஷயங்கள் தீர்மானிக்கின்றன: முடுக்கம், ஈர்ப்பு மையத்தின் உயரம், வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம்). முடுக்கத்தை உயரத்தால் பெருக்கி வீல்பேஸால் வகுத்தால், மொத்த எடையில் எத்தனை பங்கு பின்னால் போகிறது என்று வந்துவிடும். சேலஞ்சரின் வீல்பேஸ் சுமார் 2.95 மீட்டர். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 0.55 மீட்டர் உயரம், நிற்கும்போது எடை முன்னால் 57, பின்னால் 43 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். உயரமும் இந்தப் பங்கீடும் என் தோராயம். இந்த வகைக் காருக்கு உண்மை அதிலிருந்து வெகுதூரம் விலகியிருக்காது.

நல்ல சாலை டயர், காய்ந்த தார். இரண்டுக்கும் இடையே உராய்வு எண் 1.0 என்று வைத்தால், பின் சக்கரங்களால் தள்ள முடிந்த அதிகபட்ச முடுக்கம் 0.53 ஜி. அவ்வளவுதான். ஓட்டுநரோடு சேர்த்து ஏறக்குறைய 2 டன் எடையை 0.53 ஜி-யில் தள்ள, மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் இருக்கும்போது 120 ஹெச்பி போதும். மீதி 720 ஹெச்பி என்ன செய்யும்? டயரைப் புகையாக்கும். வேறு வழியே இல்லை. கியர்பாக்ஸ், ஆக்ஸில் இழப்புகளைக் கழித்துப் பார்த்தாலும், மணிக்கு 180 கி.மீ.-ஐ நெருங்கும்வரை அந்தக் காரின் ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிக்க முடியாது. 840 ஹெச்பி இருந்தும் அந்த வேகம் வரை அது ஓர் அரை ஜி கார்தான்.

இப்போது உராய்வு எண்ணை 2.0 ஆக்குங்கள். நல்ல டிராக் ரேஸ் (நேர்க்கோட்டில் கால் மைல் ஓடும் பந்தயம்) டயரும் பிசின் தடவிய பந்தயத் தடமும் சேர்ந்தால் இது எட்டக்கூடிய எண். விடை 1.37 ஜி. பிடிமானம் இரண்டு மடங்கு ஆனதும் முடுக்கம் 2.6 மடங்கு ஆகிவிட்டது. பிடிமானம் கூடினால் முடுக்கம் கூடுகிறது, முடுக்கம் கூடினால் பின்னால் எடை கூடுகிறது, எடை கூடினால் இன்னும் பிடிமானம். ஒன்று இன்னொன்றுக்குத் தீனி போடுகிறது. பின் சக்கரக் காரின் லாஞ்ச்சில் உள்ள அழகும் ஆபத்தும் இதுதான். இந்தச் சங்கிலி எதிர்ப்பக்கமும் ஓடும்: சக்கரம் ஒரு தடவை வழுக்கினால் முடுக்கம் விழும், எடை முன்னால் திரும்பும், வழுக்கல் இன்னும் மோசமாகும்.

0–30 மைல் வேகத்தை ஒரே வினாடியில் எட்டும் என்று டாட்ஜ் சொன்னது. அதைச் சராசரி முடுக்கமாக மாற்றினாலும் 1.37 ஜி வருகிறது. என் தோராயங்கள் இவ்வளவு அச்சாகப் பொருந்தியதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. ஆனாலும் அந்தக் கார் எந்த அளவு பிடிமானத்தில் வாழ்கிறது என்பதை இது காட்டிவிடுகிறது.

கணக்கை இன்னும் ஒரு படி நகர்த்தலாம். 1.37 ஜி-யில் போகும் டீமனுக்குப் பிடிமானம் ஒரு தடையாக இருப்பது சுமார் 70 கி.மீ. வேகம் வரைதான். அதற்கு மேல் எஞ்சினால் டயரை மிஞ்ச முடியாது. அந்த 70-ஐ எட்ட ஆகும் நேரம் ஏறத்தாழ ஒன்றரை வினாடி, ஓடும் தூரம் 14 மீட்டர். அடியில் சொன்னால் 46. டிராக் ரேஸ்காரர்கள் ஏன் முதல் 60 அடி நேரத்தையே உயிராகப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு இந்த எண்தான் பதில். லாஞ்ச் என்ற பரீட்சை முழுவதும் அந்த 60 அடிக்குள் முடிந்துவிடுகிறது. அங்கே பத்தில் ஒரு வினாடி மிச்சம் பிடித்தால், கால் மைல் முடிவில் அது ஒன்றரை மடங்கு, சில சமயம் இரண்டு மடங்காகவே திரும்பக் கிடைக்கும்.

டயரும் தரையும்

டீமனுக்குப் போட்டது நிட்டோ என்டி05ஆர், 315/40 ஆர்18. நான்கு சக்கரங்களுக்கும் அதே அளவு, 11 அங்குல அகல ரிம்மில். சாலையில் ஓட்ட அனுமதி உள்ள டிராக் ரேடியல் டயர் இது. சேலஞ்சரின் இன்னொரு வகையான ஹெல்கேட்டுக்கு 20 அங்குல ரிம் போட்ட அதே நிறுவனம், அதைவிடப் பவர் கூடிய காருக்கு 18-ஐத் தேர்ந்தெடுத்திருக்கிறது. ஷோரூமில் பெரிய ரிம்தான் கண்ணைக் கவரும். இங்கே அழகை விட்டுக்கொடுத்துப் பக்கச்சுவரை வாங்கியிருக்கிறார்கள். 315-இல் 40 சதவீதம் என்றால் 126 மி.மீ. உயரமுள்ள ரப்பர் சுவர்.

அந்தச் சுவர் என்ன வேலை செய்கிறது என்பதை மெதுவாக்கிய வீடியோவில் ஒரு தடவை பார்த்தால் மறக்காது. விளக்கு பச்சையானதும் முதலில் திரும்புவது ரிம். டயரின் கீழ்ப்பகுதி தரையைக் கவ்விக்கொண்டு நகராமல் நிற்கும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பக்கச்சுவர், சாய்வாக மடிப்பு மடிப்பாகச் சுருங்கும். அச்சு சற்றுத் தாழும், டயர் தரையைத் தொடும் பரப்பு நீளும். அப்புறம் அந்த மடிப்புகள் விரிந்துகொண்டே கார் நகர ஆரம்பிக்கும். எஞ்சினின் திடீர் அடி நேராகத் தரைக்குப் போகாமல், ஒரு நொடித்துண்டு நேரம் ரப்பரில் தேங்கி, பிறகு போகிறது. பின் பக்கம் எடை வந்துசேர அந்தச் சின்ன அவகாசமே பெரிய உதவி.

டயர் தரையைப் பிடிப்பதும் வழுக்குவதும் இரண்டு எதிர்நிலைகள் என்று நினைக்கக் கூடாது. துளிகூட வழுக்காத டயர் துளிகூடத் தள்ளாது. சக்கரத்தின் சுழல் வேகம் காரின் வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்போதுதான் தள்ளுவிசை பிறக்கும். சாதாரண சாலை டயரில் அந்த வித்தியாசம் 10-லிருந்து 20 சதவீதத்துக்குள் இருக்கும்போது விசை உச்சத்தில் இருக்கும். தாண்டினால் இறங்க ஆரம்பிக்கும். ஆக, நல்ல லாஞ்ச்சில் டயர் லேசாகக் கீச்சிடும், உறுமாது. கார் ஓட்டுபவருக்குக் காதும் ஒரு கருவி.

தரையைப் பற்றி மறைக்காமல் சொல்லியாக வேண்டும். பந்தயத் தடத்தில் கிளம்பும் இடத்துக்குப் பிசின் கலவை தெளிக்கிறார்கள், ரப்பரை இழுத்துத் தேய்த்துப் படிய வைக்கிறார்கள். நடந்து போனால் செருப்பு ஒட்டும். மேலே நான் வைத்த 2.0 என்ற எண் அந்தத் தரைக்கு உரியது. வெறும் சாலையில் அதே கார், அதே டயர், அதே ஓட்டுநர் என்றாலும் அந்த நேரம் வராது. டீமனின் எண்கள் பொய்யில்லை. எந்தத் தரையில் எடுத்தவை என்ற விவரத்தோடு சேர்த்துத்தான் அவற்றைப் படிக்க வேண்டும்.

டிராக் ரேடியலுக்கு விலையும் உண்டு. பள்ளம் குறைந்த, மென்மையான டயர் அது. தண்ணீர் தேங்கிய சாலையில் மிதக்கும், குளிரில் இறுகும், சீக்கிரம் தேயும். தினமும் ஓட்டும் காருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எடை எப்போது வந்து சேர்கிறது

டீமன் விஷயத்தில் அதிகமாகத் தப்பாகப் புரிந்துகொள்ளப்பட்ட பகுதி சஸ்பென்ஷன். ஹெல்கேட்டோடு ஒப்பிட்டால் முன் ஸ்பிரிங் 35 சதவீதம் மென்மை, பின் ஸ்பிரிங் 28 சதவீதம். உடல் பக்கவாட்டில் சாய்வதைத் தடுக்கும், உள்ளீடற்ற குழாயாகச் செய்த ஆன்ட்டி-ரோல் பார்கள் முன்னால் 75, பின்னால் 44 சதவீதம் மென்மை. ‘ஸ்பிரிங் மென்மையானதால் அதிக எடை பின்னால் போகிறது’ என்று பலரும் இதை விளக்குகிறார்கள். அது சரியில்லை.

மேலே சொன்ன கணக்கைத் திரும்பப் பாருங்கள். முடுக்கம், உயரம், வீல்பேஸ். அதில் ஸ்பிரிங்குக்கு இடமே இல்லை. முடுக்கம் நிலையாக இருக்கும்போது, ஸ்பிரிங் கல் மாதிரி இருந்தாலும் பஞ்சு மாதிரி இருந்தாலும் பின்னுக்குப் போகும் எடை கிட்டத்தட்ட ஒன்றுதான். மூக்கு தூக்குவதால் ஈர்ப்பு மையம் கொஞ்சம் உயரும். அதில் கிடைப்பது சிறு லாபம்.

மாறுவது நேரம். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் தீர்மானிப்பது எடை எப்போது, எந்த வேகத்தில் பின் டயருக்கு வருகிறது என்பதை. உடல் பின்னுக்குச் சாய்ந்து முடிய சுமார் ஐந்தில் ஒரு வினாடியாவது பிடிக்கும். டார்க் அதற்கு முன்பே டயரை அடைந்துவிட்டால், பழைய 43 சதவீத எடையை நம்பித்தான் டயர் அந்த அடியைத் தாங்க வேண்டும். அங்கேதான் பெரும்பாலான லாஞ்ச்கள் கெட்டுப்போகின்றன.

டீமனின் டிராக் மோடில், பில்ஸ்டீன் ஷாக் அப்சார்பர்கள் முன்னும் பின்னும் வேறு வேறு மாதிரி வேலை செய்கின்றன. முன்னால், அமுங்கும்போது இறுக்கம், விரியும்போது தளர்வு. ஆகவே மூக்கு தடையில்லாமல் எழும்பும், எழும்பியது சட்டென்று இறங்காது. பின்னால் இரண்டு திசையிலும் இறுக்கம். ஸ்பிரிங் அமுங்கி முடியும்வரை காத்திருக்காமல், இறுகிய ஷாக் அப்சார்பர் வழியாகவே சுமை உடனே டயருக்கு இறங்கிவிடும். ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் முன்னாலும் இரண்டு திசையிலும் இறுக்கமாகிவிடும், கார் துள்ளாமல் இருக்க. மொத்தத்தில் எடையின் அளவை மாற்றவில்லை. அது வரும் நேரத்தை முன்னுக்கு இழுத்திருக்கிறார்கள். இந்தக் காரில் நான் மிகவும் மதிக்கும் பொறியியல் இதுதான்.

முன் சக்கரம் எழும்பியதையும் இங்கேயே பார்த்துவிடலாம். என் கணக்கின்படி 1.8 ஜி-யில் முன்னாலிருந்து பின்னால் போகும் எடை மூன்றில் ஒரு பங்குதான். முன்னால் 20 சதவீதத்துக்கு மேல் மிச்சம் இருக்கும். நிலையான கணக்கில் அந்தச் சக்கரங்கள் எழும்பவே கூடாது. அதற்கு 3 ஜி வேண்டும். பிறகு எப்படி எழும்பின? மென்மையான முன் ஸ்பிரிங்குகள் விரியும்போது உடல் மேல்நோக்கி வேகம் பிடிக்கிறது. சஸ்பென்ஷன் முழுதாக விரிந்த பிறகும் அந்த வேகம் தீருவதில்லை; சக்கரங்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. ஒரு கணத்துத் தூக்கல். அதனால்தான் 2.92 அடியில், ஒரு மீட்டர்கூட ஆகாத தூரத்தில், முடிந்துவிட்டது. புகைப்படத்துக்கு அருமையான காட்சி. வேகத்துக்கு அது தேவை என்று நான் நினைக்கவில்லை. தூக்கிய மூக்கு திரும்பக் கீழே விழும்போது பின் டயரின் சுமை குறையும்.

பூட்டி வைத்த டார்க்

சரி, டயர் தயார், எடை வரத் தயார். இனி எஞ்சின்.

ஆட்டோமேட்டிக் காரில் வழக்கமான லாஞ்ச் இப்படி இருக்கும்: இடது கால் பிரேக்கில், வலது கால் ஆக்ஸிலரேட்டரில், ஆர்பிஎம் ஏறியதும் பிரேக்கை விடுவது. டீமன் மாதிரியான காரில் இது ஓர் எல்லைக்கு மேல் உதவாது. பின் பிரேக்கைவிட எஞ்சின் பலசாலி. ஆர்பிஎம் கொஞ்சம் ஏறினாலே பின் சக்கரங்கள் பிரேக்கை மீறிச் சுழல ஆரம்பிக்கும். அதனால் டிரான்ஸ்பிரேக் வைத்தார்கள். கியர்பாக்ஸின் வெளியீட்டுத் தண்டை உள்ளேயே பூட்டிவிடும் ஏற்பாடு இது. தொழிற்சாலையிலிருந்து வரும் காரில் இதுதான் முதல் தடவை. தண்டு பூட்டியிருப்பதால் சாலைப் பிரேக்கை நம்ப வேண்டியதில்லை. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் பேடிலை விட்டதும் பூட்டு திறக்கும். காத்திருக்கும்போதே தண்டுகளிலும் கியர்களிலும் இருக்கும் சிறு தளர்வுகள் இறுகிவிடுவதால் முதல் அடி சுத்தியல் மாதிரி விழாது.

டார்க் ரிசர்வ் என்ற இன்னொன்றும் உண்டு. நிற்கும்போதே சூப்பர்சார்ஜரின் பைபாஸ் வால்வை மூடிக் காற்றழுத்தத்தை ஏற்றி வைத்துக்கொள்கிறது. எரிபொருளையும் தீப்பொறி நேரத்தையும் சரிக்கட்டி ஆர்பிஎம் எகிறாமல் பார்த்துக்கொள்கிறது. பேடிலை விடும்போது அழுத்தம் ஏறட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

இங்கே ஓர் எண்ணைக் கவனியுங்கள். டிரான்ஸ்பிரேக் வழியாகக் கிளம்பும்போது எஞ்சின் அதிகபட்சம் 2,350 ஆர்பிஎம்-இல் இருக்கும். விடுவிக்கப்படும் டார்க் 534 பவுண்டு-அடி வரை. முழு டார்க் 770. அதாவது கிளம்பும் கணத்தில் 70 சதவீதம்கூட வெளியே வரவில்லை.

அந்த 70 சதவீதம் எவ்வளவு என்று பாருங்கள். 534 பவுண்டு-அடி என்பது 724 நியூட்டன் மீட்டர். முதல் கியர் 4.71, ஆக்ஸில் விகிதம் 3.09, பெருக்கினால் 14.5 மடங்கு. டயரின் ஆரம் 35.5 செ.மீ. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருக்கும் டார்க் கன்வர்ட்டர் பெருக்கித் தருவதைச் சேர்க்காமலே தரையில் விழும் விசை, காரை 1.5 ஜி-யில் தள்ளப் போதும். டயர் தாங்கக்கூடிய எல்லைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது அது. முழு 770-ஐயும் அந்த இடத்தில் அவிழ்த்துவிட்டால் 2 ஜி-க்கு மேல் கேட்கும். பிசின் தடவிய தரையும் அந்த நேரத்தில் அதைத் தராது. உலகமே எஞ்சின் எண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஒரு கார், தன் லாஞ்ச்சில் அந்த எண்ணை அடக்கி வைத்துத்தான் ஜெயித்திருக்கிறது.

ஆக்ஸில் விகிதத்தை ஹெல்கேட்டின் 2.62-லிருந்து 3.09-க்கு ஏற்றியதும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய விஷயம். ஏற்கெனவே அதிகமாக இருக்கும் டார்க்கை ஏன் இன்னும் 18 சதவீதம் பெருக்கினார்கள்? முதல் 14 மீட்டருக்குப் பிறகு, பிடிமானம் ஒரு தடையாக இல்லாத இடத்தில், அது காரை இழுக்கும். முதல் கணத்தைத்தான் எலெக்ட்ரானிக்ஸ் பார்த்துக்கொள்கிறதே.

துள்ளல்

வீல் ஹாப் என்று சொல்லும் துள்ளல்தான் லாஞ்ச்சின் கொடிய எதிரி. டயர் பிடிக்கும், பக்கச்சுவரும் சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்களும் முறுகும், டயர் விடும், முறுகியது அவிழும், திரும்பப் பிடிக்கும். இது வினாடிக்குப் பல தடவை. காருக்குள் இருப்பவருக்குப் பின்பக்கம் யாரோ கடப்பாறையால் இடிப்பது போல இருக்கும். சாதாரண வீல் ஸ்பின் டயரைத் தின்னும். துள்ளல் ஆக்ஸில் தண்டையே முறித்துவிடும். ஒவ்வொரு முறை திரும்பப் பிடிக்கும்போதும் விழும் அடி, எஞ்சினின் டார்க்கைவிடப் பெரியது.

டீமனில் லாஞ்ச் அசிஸ்ட் என்ற மென்பொருள் சக்கர வேக சென்சார்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும். துள்ளலின் அறிகுறி தெரிந்ததும் மில்லிவினாடிகளில் டார்க்கைக் கொஞ்சம் இறக்கிப் பிடிமானத்தைத் திரும்பப் பிடிக்கும். அதற்கு முன்பே, இரண்டாம் தலைமுறை காடிலாக் சிடிஎஸ்-வி காரில் இடது, வலது ஆக்ஸில் தண்டுகளை வேறு வேறு தடிமனில் செய்திருந்தார்கள். இரண்டும் வேறு வேறு தாளத்தில் முறுகுவதால் துள்ளல் வலுக்காது. எளிமையான தீர்வு, எனக்கு ரொம்பப் பிடித்தது.

ஆல் வீல் டிரைவ் கார்களுக்கு இந்தக் கவலைகளில் பாதி கிடையாது. எடை எங்கே போனாலும் அதன் மேல் ஓட்டும் சக்கரம் இருக்கிறது. உராய்வு எண் 1.0 உள்ள சாலையில் டீமன் மாதிரி அமைப்பு 0.53 ஜி-யோடு நிற்க, நான்கு சக்கரமும் ஓட்டும் கார் 1 ஜி-யை நெருங்கும். எஞ்சின் பின்னால் இருக்கும் பின் சக்கர போர்ஷே 911, எடையில் சுமார் 60 சதவீதம் பின்னாலேயே இருப்பதால், அதே சாலையில் முக்கால் ஜி வரை போகும். தெருவில் கிளம்ப வேண்டுமென்றால் இந்த அமைப்புகள்தான் சரி.

அதே நிறுவனம், ஆறு வருடம் கழித்து

2023-இல் வந்த டீமன் 170, முதல் டீமனுக்கு அதன் தயாரிப்பாளர்களே எழுதிய விமர்சனம் என்று படிக்கலாம். எத்தனால் அதிகம் கலந்த இ85 எரிபொருளில் 1,025 ஹெச்பி. 0–60 மைல் 1.66 வினாடி, உச்சம் 2.004 ஜி, கால் மைல் 8.91 வினாடி. பவர் கூடியது 22 சதவீதம். ஆனால் டயரைப் பாருங்கள்: நான்கும் ஒரே அளவு என்பதை விட்டுவிட்டார்கள். பின்னால் மிக்கி தாம்சன் 315/50 ஆர்17, முன்னால் ஒல்லியான 245/55 ஆர்18. பின் பக்கச்சுவர் 126-லிருந்து 157 மி.மீ. ஆனது, ரிம் இன்னும் ஓர் அங்குலம் சுருங்கியது. கூடுதல் பவரைத் தரைக்குக் கொண்டுபோக முதலில் தேவைப்பட்டது இன்னும் உயரமான ரப்பர் சுவர்தான்.

இந்த வசதிகள் இல்லாத பின் சக்கர மேனுவல் காரில்

டீமன் மென்பொருளால் செய்வதைப் பெரும்பாலும் கை காலால் செய்யலாம். மூடிய தடத்தில், பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டு. அமெரிக்காவின் டிராக் பந்தய அமைப்பான என்ஹெச்ஆர்ஏ, டீமன் வந்த காலத்தில், 10 வினாடிக்குள் கால் மைலை முடிக்கும் காருக்கு ரோல் கேஜும் (கார் உருண்டால் காக்கும் இரும்புக் கூண்டு) ஓட்டுநருக்கு உரிமமும் கேட்டது. அவை இல்லாததால், வாங்கின நிலையிலேயே டீமனை அப்போது அங்கே முழு வேகத்தில் ஓட்ட முடியவில்லை. வேகம் கூடிய காரில் அந்த விதி நியாயமானது என்றே நினைக்கிறேன்.

டயர்தான் முதல் வேலை. டிராக் ரேடியல் என்றால், தடத்தில் தண்ணீர் தெளித்து வைத்திருக்கும் இடத்தில் நனைத்து, அதை விட்டு வெளியே வந்து, லேசாகப் புகை கிளம்பும்வரை சுற்றலாம். சாதாரண சாலை டயருக்கு அது வேண்டாம். சூடு ஏறினால் மேற்பரப்பு கொழகொழத்துப் பிடியே போய்விடும். மண்ணும் சிறு கல்லும் போக ஒரு சுற்று போதும். நனைந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போவது நல்லது. காற்றழுத்தத்தை டயர் தயாரிப்பாளர் அனுமதிக்கும் வரம்புக்குள், ஒன்றிரண்டு பிஎஸ்ஐ-யாக, பின் டயர்களில் மட்டும் குறைத்துப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் 60 அடி நேரத்தை எழுதி வையுங்கள். குறைந்துகொண்டே வந்த நேரம் ஓர் இடத்தில் திரும்ப ஏறும். அதற்கு ஒரு படி முந்தையதுதான் உங்கள் காரின் அழுத்தம். வீட்டுக்குக் கிளம்பும் முன் காற்றைத் திரும்ப நிரப்பிவிடுங்கள்.

கிளட்ச்சில்தான் எடைக்குக் காத்திருக்கும் வேலை நடக்கிறது. ஆர்பிஎம்-ஐ மிதமாகப் பிடித்து, கிளட்ச்சைக் கடிக்கும் புள்ளி வரை வேகமாகக் கொண்டுவந்து, அங்கே ஒரு கணம் தேக்குங்கள். மூக்கு தூக்குவதை இடுப்பில் உணர்வீர்கள். அதன் பிறகு மீதியை விடுங்கள், ஆக்ஸிலரேட்டரைச் சேர்த்துக்கொண்டே. டீமன் 70 சதவீத டார்க்கோடு கிளம்பிய அதே தந்திரம்தான், மனித வேகத்தில். எஞ்சின் சுருண்டு விழுந்தால் அடுத்த முறை ஆர்பிஎம்-ஐ 300 ஏற்றுங்கள். சக்கரம் கத்தினால் 300 இறக்குங்கள். அழுத்தத்தையும் ஆர்பிஎம்-ஐயும் ஒரே சுற்றில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். ஸ்டீயரிங் நேராக இருக்கட்டும். துள்ள ஆரம்பித்தால் காலை எடுத்துவிடுங்கள். அந்தச் சுற்றைக் காப்பாற்ற முயல்வது தண்டுக்கு நல்லதல்ல.

ஓடி முடித்ததும் கிளம்பிய இடத்துக்குத் திரும்பப் போய்த் தரையைப் பார்க்கலாம், தடத்தில் அனுமதித்தால். இரண்டு மங்கலான, சீரான கோடுகள் சில மீட்டருக்கு ஓடி மறைந்தால் டயர் சரியான வழுக்கலில் வேலை செய்திருக்கிறது. தார் போல அடர்ந்த கோடு என்றால் அளவு மீறிய சுழற்சி. புள்ளி புள்ளியாக விட்டு விட்டு வந்தால் அது துள்ளல். ஒரு பக்கம் மட்டும் அடர்ந்திருந்தால், இரண்டு பின் சக்கரங்களுக்கும் பவரைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலைச் சந்தேகப்படுங்கள். வேகத்தைப் பதிவு செய்யும் ஜிபிஎஸ் லாகர் இருந்தால் முடுக்க வரைபடமும் இதையே சொல்லும்: ஏறி, மேசை மாதிரி தட்டையாக நின்றால் நல்ல லாஞ்ச், கூர்மையாக ஏறிக் குழியாக விழுந்தால் டயர் கைவிட்டிருக்கிறது.

கடைசியாக, ஓடி முடித்ததும் தடத்தில் தரும் நேரச் சீட்டில் இரண்டு எண்களைச் சேர்த்துப் படிக்கப் பழகுங்கள். கோட்டைக் கடக்கும் வேகம் எஞ்சினைப் பற்றிப் பேசும். மொத்த நேரத்தில் முதல் 60 அடியின் பங்கும் கலந்திருக்கும். முடிவு வேகம் வழக்கம்போல இருந்து நேரம் மட்டும் மோசமானால், எஞ்சினில் கை வைக்க வேண்டாம். காற்றழுத்தமானியை எடுத்துக்கொண்டு பின் டயருக்குப் போங்கள். சுற்றுகளுக்கு நடுவே வேறு ஒருவரின் சீட்டோடு ஒப்பிடும்போது ஒரு விவரத்தை மறக்காதீர்கள்: தடத்தில் கடிகாரம் ஓட ஆரம்பிப்பது கார் ஏறத்தாழ ஓர் அடி நகர்ந்து ஒளிக்கற்றையை விட்டு விலகிய பிறகுதான். அந்த ஓர் அடியைச் சேர்த்த எண்ணா, சேர்க்காத எண்ணா என்று கேட்டுக்கொள்ளாமல் 0–60 மைல் நேரங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதில் பயனில்லை.